நடுவில் நின்ற 500 எம்பி: ஜிபார்ட்டட் லைவ் மதிப்புரை

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பில் பாடம் நடத்துவதோடு, அங்குள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. ஆறு மடிக்கணினிகளும் ஒரு மேசைக்கணினியும் உள்ளன. எல்லாமே யாரோ சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு அன்பளிப்பாகத் தந்தவை. 2022 ஏப்ரலில் வந்த வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளில் பழைய படங்களும் காகிதங்களும் ஊறிப் போனதைப் பார்த்த பிறகு, பெரியவர்கள் பாடும் பாடல்களையும், இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று வழங்கும் தெருக்கூத்தின் பழைய ஒலிநாடாக்களையும், 1860 முதல் நேட்டாலுக்கு வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் வைத்திருக்கும் குடும்பப் படங்களையும் இந்தக் கணினிகளில் சேர்த்து வருகிறோம். விண்டோஸ் கணினியில் ஒரே வன்தட்டைப் பல பிரிவுகளாக வகுத்து, சி டிரைவ், டி டிரைவ் என்று பெயரிட்டிருப்பார்கள். ஆகவே எந்த நேரமும் ஏதாவது ஒரு கணினியில் சி டிரைவ் நிரம்பிவிட்டதாகச் சிவப்புப் பட்டை தோன்றும். அதே வன்தட்டில் டி டிரைவ் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். இந்த நிலையைச் சரிசெய்ய நான் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் கருவி, வன்தட்டின் பிரிவுகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டட் லைவ் என்ற இலவச மென்பொருள். விண்டோஸோடு வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியோடு ஒப்பிட்டு அதை இங்கே மதிப்பிடுகிறேன்.

எங்கள் வகுப்பில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா படிக்கிறார். தம் பேரன் வாங்கித் தந்த கணினியைக் காட்டி, “தம்பி, 500 ஜிபி என்று சொல்லித்தானே கடையில் விற்றார்கள், இதில் 465 தானே காட்டுகிறது, மீதி எங்கே போச்சு?” என்று கேட்டார். யாரும் எடுத்துவிடவில்லை. வன்தட்டு செய்பவர்கள் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதையே 1,07,37,41,824 பைட் என்று கணக்கிடுகிறது. 500 ஜிபி 465 ஆகவும், ஒரு டெராபைட் 931 ஜிபி ஆகவும் தெரிவதற்கு இந்த இருவகைக் கணக்கே காரணம். ஜிபார்ட்டட்டும் விண்டோஸைப் போலவே 1024 பெருக்கத்தில்தான் கணக்கிடுகிறது என்பதால், இரண்டிலும் எண்கள் ஒத்துப்போகும். இது சிறிய விஷயம்தான், ஆனால் அளவைப் பார்த்து வெட்டும் வேலையில் எண்கள் பொருந்துவது மனத்துக்குப் பெரிய தெம்பு.

இனி எங்கள் மூன்றாம் எண் மடிக்கணினியின் கதைக்கு வருகிறேன். அதன் வன்தட்டில் இடமிருந்து வலமாக, கணினி தொடங்குவதற்கு வேண்டிய 100 எம்பி பிரிவு, 16 எம்பி அளவில் விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட இடம், 98 ஜிபி சி டிரைவ், விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் 500 எம்பி மீட்புப் பிரிவு, கடைசியாக 367 ஜிபி டி டிரைவ் என்று வரிசையாக இருந்தன. சி டிரைவில் 2 ஜிபி கூட மிச்சமில்லை. டி டிரைவில் இருந்தது 41 ஜிபி மட்டுமே. பார்க்கிற எவருக்கும், டி-யில் கொஞ்சம் எடுத்து சி-யில் சேர்த்துவிடலாமே என்றுதான் தோன்றும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இதைச் செய்ய முடியாது. அந்தக் கருவி ஒரு பிரிவைச் சுருக்கும்போது அதன் வலது ஓரத்திலிருந்து மட்டுமே இடத்தை விடுவிக்கும். ஒரு பிரிவை நீட்டும்போது அதற்கு வலப்புறத்தில் ஒட்டியே ஒதுக்கப்படாத இடம் இருந்தால் மட்டுமே நீட்டும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் வன்தட்டின் கடைக்கோடியில் போய் விழும். சி-க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சரி, டி-யையே முழுதாக அழித்துவிடுவோம் என்றாலும், சி-க்கும் அந்தக் காலி இடத்துக்கும் நடுவில் 500 எம்பி மீட்புப் பிரிவு நிற்கிறது. நம் மனைக்கும் காலி மனைக்கும் நடுவில் வேறொருவர் பெயரில் ஒரு முழ அகலத்துக்குச் சந்து இருந்தால் எப்படி இரண்டையும் ஒரே பட்டாவில் சேர்க்க முடியாதோ, அதே நிலைதான். ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ என்ற வரி மங்கிப்போய், சொடுக்க முடியாமல் நிற்கும். ஏன் முடியாது என்று அந்தக் கருவி ஒரு வார்த்தை சொல்லாது. அதுதான் எனக்கு அதன் மேலுள்ள முதல் மனக்குறை.

இரண்டாவது குறை சுருக்குவதில் வருகிறது. வேறொரு மடிக்கணினியில் ஒரே சி டிரைவாக இருந்ததைப் பிரித்து, ஒலிப்பதிவுகளுக்குத் தனி இடம் ஒதுக்க நினைத்தேன். அதில் 60 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், 9 ஜிபி வரைதான் சுருக்க முடியும் என்று டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டியது. விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாத சில கோப்புகள் உண்டு: நினைவகத்துக்குத் துணையாக வைத்திருக்கும் பேஜ் கோப்பு, கணினி உறங்கும்போது நினைவகத்தில் உள்ளதைச் சேமித்து வைக்கும் ஹைபர்னேஷன் கோப்பு, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் நகல்கள், கோப்புகளின் பட்டியலைத் தாங்கும் அட்டவணை ஆகியவை. இவற்றில் ஒன்று பிரிவின் வலது ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தால், அதற்கு இப்பால் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் கருவி அங்கேயே நின்றுவிடும். ஹைபர்னேஷனை நிறுத்துவதும், பேஜ் கோப்பைத் தற்காலிகமாக நீக்குவதும் ஓரளவு உதவும்; முழுதாகத் தீர்க்காது.

பழைய கணினிகளில் வேறொரு கண்ணியும் இருக்கிறது. எம்பிஆர் என்ற பழைய பிரிவு அட்டவணையில் (எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்ற பட்டியலில்) நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் வைக்க இடமில்லை. கணினி தயாரித்தவர்களே பெரும்பாலும் அந்த நான்கையும் நிரப்பி அனுப்பிவிடுவார்கள். ஐந்தாவதாக ஒன்றை உருவாக்க முயன்றால், வன்தட்டை டைனமிக் டிஸ்க் என்ற வகைக்கு மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். ஒருபோதும் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். அப்படி மாறியதை ஜிபார்ட்டட் போன்ற கருவிகளால் கையாள முடியாது. தரவை அழிக்காமல் பழைய வகைக்குத் திரும்ப விண்டோஸிலும் நேரான வழி கிடையாது. புதிய ஜிபிடி அட்டவணையில் 128 பிரிவுகள் வரை இடமுண்டு. எனவே அண்மைக் காலக் கணினி வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஜிபார்ட்டட்டை 2004-ல் பார்ட் ஹாக்வூர்ட் தொடங்கினார். அதன் ‘லைவ்’ வடிவம், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பதிவிறக்கம் ஒரு ஜிபிக்கும் குறைவு. பென் டிரைவின் விலையைத் தவிர ஒரு ராண்ட் கூடச் செலவில்லை. விண்டோஸ் அந்த நேரத்தில் இயங்காது என்பதால், மேலே சொன்ன நகர்த்த முடியாத கோப்புகளும் சும்மா கிடக்கும் கோப்புகளாகிவிடுகின்றன. டிஸ்க் மேனேஜ்மென்ட் 9 ஜிபி என்று சொன்ன அதே மடிக்கணினியில், ஜிபார்ட்டட் 45 ஜிபியைத் தயங்காமல் விடுவித்துக் கொடுத்தது.

தொடங்கியதும் விசைப்பலகை, மொழி, திரை முறை என்று வெள்ளை எழுத்தில் மூன்று கேள்விகள் வரும். புதியவர்கள் இங்கேயே பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றுக்கும் என்டர் விசையை அழுத்தினால் போதும். பிறகு வரும் திரை, நான் பார்த்த பிரிவுக் கருவிகளிலேயே மிகத் தெளிவானது. வன்தட்டு முழுவதும் ஒரு நீண்ட பட்டையாகத் தெரியும்; ஒவ்வொரு பிரிவும் அதன் கோப்பு முறைமைக்கு (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கு) உரிய நிறத்தில் கட்டம் கட்டியிருக்கும்; கட்டத்துக்குள் நிரம்பிய பகுதி இளமஞ்சளாகவும் காலிப் பகுதி வெள்ளையாகவும் இருக்கும்; யாருக்கும் சேராத இடம் சாம்பல் நிறத்தில் கிடக்கும். எங்கள் மூன்றாம் எண் கணினியின் சி டிரைவ் கட்டம் ஏறக்குறைய முழுதும் மஞ்சளாகவும், டி டிரைவ் ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் மஞ்சளாகவும் இருந்ததைப் பார்த்த மாணவர்களுக்கு, அரை மணி நேரம் விளக்கியும் புரியாதது ஒரு நொடியில் புரிந்தது.

முதலில் வலது மேல்மூலையில் சரியான வன்தட்டைத்தான் தேர்ந்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். நாம் செருகியுள்ள பென் டிரைவும் அதே பட்டியலில் இருக்கும். லினக்ஸ் இவற்றுக்குச் சூட்டும் பெயர்கள் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், பெயரை விட்டுவிட்டு அளவைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நான் இரண்டு முறை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரையும் ஒரு முறை பார்க்கச் சொல்வேன்.

அன்று நான் செய்தது இதுதான். டி-யில் இருந்த 41 ஜிபியை முந்தின நாளே இரண்டு வெளிவட்டுகளில் நகலெடுத்து, சில கோப்புகளைத் திறந்து, இயங்குகின்றனவா என்றும் பார்த்துக்கொண்டேன். விண்டோஸில், முழுதாக மூடாமல் வைத்து அடுத்த முறை விரைவாகத் தொடங்கும் வேகத் தொடக்கம் என்ற வசதியை நிறுத்தி, கணினியை முழுதாக மூடினேன். இதைச் செய்யாவிட்டால் சி டிரைவ் பாதி உறக்கத்தில் இருப்பதாகக் கருதி ஜிபார்ட்டட் அதைத் தொட மறுக்கும், அது மறுப்பதுதான் சரியும் கூட. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ரீஏஜென்ட்சி என்ற கட்டளையால் மீட்பு வசதியையும் தற்காலிகமாக நிறுத்தி வைத்தேன். பிறகு ஜிபார்ட்டட்டில் டி-யை நீக்கினேன். மீட்புப் பிரிவை வலப்புறம் நகர்த்தினேன். சி-யை 200 ஜிபியாக நீட்டினேன். மீதமிருந்த இடத்தில் புதிய டி-யை உருவாக்கினேன்.

இந்த நான்கும் வன்தட்டில் உடனே நடந்துவிடவில்லை. ஜிபார்ட்டட்டின் தனிச்சிறப்பு இதுதான். நாம் செய்யச் சொல்லும் ஒவ்வொன்றும் திரையின் அடியில் ஒரு வரியாகச் சேர்ந்துகொண்டே போகும். மேலேயுள்ள பட்டை, எல்லாம் முடிந்தால் எப்படி இருக்குமோ அப்படி மாறிக் காட்டும். பிடிக்காவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறலாம். சரி என்ற குறியை அழுத்திய பிறகும், தரவு இழப்பு நேரலாம் என்று எச்சரித்து ஒரு முறை கேட்டுவிட்டே தொடங்கும். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுமுன் கயிறு கட்டி, சுண்ணாம்பு போட்டுப் பார்ப்பது போன்ற நிதானம் இந்த வடிவமைப்பில் இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இந்த நிதானம் இல்லை. அங்கே ஒரு பிரிவை நீக்கு என்றால், ஒரு கேள்விக்குப் பிறகு அது அப்போதே போய்விடும்.

அளவை மாற்றும் சாளரத்தில் மூன்று எண்கள் இருக்கும்: பிரிவுக்கு முன்னால் விடும் இடம், பிரிவின் புதிய அளவு, பின்னால் விடும் இடம். சி டிரைவை நீட்டும்போது முதல் எண் சுழியமாகவே இருக்க வேண்டும். பட்டையைச் சுட்டியால் இழுக்கும்போது இடது ஓரம் தவறுதலாக ஓரிரு எம்பி நகர்ந்துவிடுவது உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த நகர்வு, சில நொடிகளில் முடிய வேண்டிய வேலையைப் பல மணி நேர வேலையாக்கிவிடும். ஆகவே நான் இழுப்பதில்லை. எண்களைத் தட்டச்சு செய்கிறேன். 500 எம்பியை நகர்த்த ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. நீட்டும் வேலை அதைவிட விரைவாக முடிந்தது. விண்டோஸ் அடுத்த முறை தொடங்கும்போது வட்டைச் சோதித்துக்கொள்ளும். அதைக் குறுக்கிடாமல் விட்டு, இரண்டு முறை மறுதொடக்கம் செய்துவிட்டு, மீட்பு வசதியை மறுபடி இயக்கினேன்.

டி-யில் 41 ஜிபிதானே இருந்தது, அதை அழிக்காமல் அப்படியே வலப்புறம் நகர்த்தியிருக்கலாமே என்று படிப்பவர்கள் கேட்கலாம். ஜிபார்ட்டட் அதையும் செய்யும். நான் அதைச் செய்யாததற்குக் காரணம் இந்த நாட்டின் மின்சாரம்.

2008-லிருந்து தென்னாப்பிரிக்காவில் வாழும் எவருக்கும் லோட் ஷெட்டிங், அதாவது பற்றாக்குறையால் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 2023 மிகக் கொடுமையான ஆண்டு; மின்வெட்டின் கடுமையைக் குறிக்கும் நிலைகளில் ஆறாம் நிலை என்பதே வழக்கமாகிப்போன வாரங்கள் அதில் இருந்தன. அந்த ஆண்டின் குளிர்காலத்தில், கட்டணம் வாங்கும் வேறொரு பிரிவு மென்பொருளைக் கொண்டு, எங்கள் மேசைக்கணினியில் டி டிரைவை இடப்புறம் நகர்த்த முயன்றேன். அட்டவணைப்படி மின்வெட்டுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. வேலை 62 விழுக்காட்டில் இருந்தபோது அட்டவணையில் இல்லாத ஒரு மின்தடை வந்தது. ஒரு பிரிவைச் சிறிது தூரம் நகர்த்தும்போது, பழைய இடமும் புதிய இடமும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மென்பொருள் துண்டு துண்டாகப் படித்து, முன்பு படித்து முடித்த இடத்தின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். நடுவில் நின்றால் முன்பாதி புதிய இடத்திலும் பின்பாதி பழைய இடத்திலும் இருக்கும். பிரிவு அட்டவணையோ ஒரே ஒரு தொடக்கப் புள்ளியை மட்டுமே சொல்லும். கிறிஸ்டோஃப் கிரெனியர் உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க் என்ற அருமையான மீட்புக் கருவி ஜிபார்ட்டட் லைவிலேயே இருக்கிறது. தொலைந்த பிரிவின் எல்லைகளை அது கண்டுபிடித்துக் கொடுத்தது, ஆனால் உள்ளே குலைந்ததைக் கோர்க்க அதனாலும் முடியவில்லை. 31 ஒலிப்பதிவுகள் போயின. அவற்றில் பாடிய ஒரு பாட்டி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். நகல் எடுத்து வைக்காதது என் தவறு.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நேரத்தில் நான் ஜிபார்ட்டட்டைப் பயன்படுத்தியிருந்தாலும் இதே கதிதான். மின்சாரம் போனபின் விட்ட இடத்திலிருந்து நகர்த்தலைத் தொடரும் வசதி அதிலும் இல்லை. நான் அதன் பக்கம் வந்ததற்குக் காரணம் வேறு: எந்த வேலையில் தரவு நகர்கிறது, எதில் நகரவில்லை என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது. இடது ஓரம் மாறினால், நகர்த்துவதாக வரியில் தெளிவாக எழுதுகிறது. தொடங்கும் பிரிவின் இடது ஓரத்தை மாற்றினால் கணினி தொடங்காமல் போகலாம் என்று எச்சரிக்கிறது. நான் அப்போது பயன்படுத்திய மென்பொருள் ‘ஒரே சொடுக்கில் இடத்தை மாற்றுங்கள்’ என்றுதான் சொன்னது. உள்ளே 200 ஜிபி நகரப் போகிறது என்று சொல்லவில்லை.

அதன்பின் எங்கள் வகுப்பில் சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். இடது ஓரம் மாறும் எந்த வேலையையும், பிரிவில் தரவு இருக்கும்போது செய்வதில்லை. நகலெடுத்து, நீக்கி, புதிதாக உருவாக்கி, திரும்ப நிரப்புகிறோம். நகலெடுக்கும்போது மின்சாரம் போனால் மூலம் அப்படியே இருக்கும் என்பதுதான் இதன் முழுப் பயனும். மடிக்கணினியாக இருந்தால் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும்; மேசைக்கணினியை யுபிஎஸ் (மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கும் மின்கலப் பெட்டி) இல்லாமல் தொடுவதில்லை. 2024 மார்ச் இறுதியிலிருந்து பல மாதங்கள் மின்வெட்டே இல்லாதிருந்தபோது, இதெல்லாம் இனி எதற்கு என்று இளைஞர் ஒருவர் கேட்டார். 2025 தொடக்கத்தில் அது திரும்ப வந்தது.

ஜிபார்ட்டட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்ட டிரைவின் அளவை அதனால் மாற்ற முடியாது; விண்டோஸுக்குள் சென்று பூட்டை முழுதாக நீக்கிவிட்டு வர வேண்டும். அண்மைய விண்டோஸ் 11-ல் நாம் கேளாமலேயே வட்டு பூட்டப்பட்டிருக்க வாய்ப்புண்டு. எனவே வேலையைத் தொடங்குமுன் மீட்புச் சாவியை (பூட்டைத் திறக்கும் நீண்ட எண்ணை) ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிழை ஏதும் வந்தால் அது காட்டும் விவரங்கள் லினக்ஸ் தெரிந்தவர்களுக்கே புரியும். விவரங்களை ஒரு கோப்பாகச் சேமிக்கும் பொத்தான் இருப்பதால், புரிந்தவரிடம் அனுப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான். வேலை முடிந்தபின் பழைய நிலைக்குத் திரும்பும் வழியும் இல்லை. ஒரே டிரைவைச் சற்றுச் சுருக்கவோ, வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தைச் சேர்க்கவோ மட்டும் வேண்டுமென்றால், பென் டிரைவ் தேடி அலைய வேண்டாம்; டிஸ்க் மேனேஜ்மென்ட்டே போதும், அந்த இரண்டையும் அது நன்றாகவே செய்கிறது.

இடத்தை மாற்றுவதற்கு முன், சி டிரைவை எது நிரப்புகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவதும் நல்லது. 8 ஜிபி நினைவகமுள்ள கணினியில் ஹைபர்னேஷன் கோப்பு மட்டும் 3 ஜிபிக்கு மேல் பிடித்திருக்கும். பெரிய மேம்பாட்டுக்குப் பின் பழைய விண்டோஸின் நகல் அதைவிடப் பல மடங்கு பிடித்திருக்கும். எங்கள் ஏழு கணினிகளில் இரண்டுக்கு, பிரிவுகளைத் தொடாமல் இவற்றை நீக்கியதே போதுமாக இருந்தது.

மூன்றாம் எண் மடிக்கணினியில் புதிய டி டிரைவை உருவாக்கியபோது, வன்தட்டின் கடைசி 40 ஜிபியைச் சாம்பல் நிறத்திலேயே விட்டுவைத்தேன். டி நிரம்பினால் அதன் வலது ஓரத்தை நீட்டினால் போதும், எதையும் நகர்த்த வேண்டியிருக்காது. போன சனிக்கிழமை டி-யில் 30 ஜிபி மிச்சம் என்று காட்டியது. பாடம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, விண்டோஸிலிருந்தே நீட்டிவிட்டு, கணினியை மூடி அலமாரியில் வைத்தேன்.